ஏழு மணிக்குப் பிறகு நம் பையன்களுக்கு யார் இருக்கிறோம்?

சிங்கப்பூர் இந்திய சமூக அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

கோயில் நிர்வாகக் குழு, ஊர்ச் சங்கம், சமூக மன்றத்தின் இந்தியர் நற்பணிச் செயற்குழு, துணைப்பாட வகுப்பு, இளையர் மன்றம், காற்பந்துக் குழு என்று எந்தப் பெயரில் இயங்கினாலும் சரி, சிங்கப்பூரில் நம் பிள்ளைகளுக்காக ஏதோ ஒன்றைச் செய்துவரும் எல்லாருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். நான் உட்லண்ட்ஸ் பக்கம் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழே முடி திருத்தும் கடை வைத்திருக்கிறேன். அப்பா மடியில் உட்கார்ந்து அழுதபடி முதல் தடவை முடி வெட்டிக்கொண்ட பிள்ளை, உயர்நிலை மூன்றில் யாருடன் கடைக்கு வருகிறான், அவனுக்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்பதெல்லாம் எங்கள் கண்ணில் படாமல் போகாது. பள்ளிக்கும் வீட்டுக்கும் தெரிவதற்கு முன்பே பல நேரம் முடி வெட்டுபவனுக்குத் தெரிந்துவிடும்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குண்டர் கும்பலைப் பற்றிய விழிப்புணர்வுப் பேச்சுகளைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். மிச்சமாகும் பணத்தையும் ஆட்களையும் வார நாள்களில் இரவு ஏழிலிருந்து பத்து மணி வரை புளோக்குகளுக்குக் கீழே கொண்டுவந்து நிறுத்துங்கள். ஒரு இடத்துக்கு எப்போதும் அதே ஆள்கள். அவர்கள் சில மாதத்தில் மாறக்கூடாது, மூன்று வருடமாவது அங்கேயே இருக்க வேண்டும்.

பேச்சு நிகழ்ச்சிகளை நான் கிண்டல் செய்யவில்லை. நானே போய் உட்கார்ந்திருக்கிறேன். பேசுகிறவர்கள் நன்றாகவே பேசுகிறார்கள். ஆனால் அங்கே வருகிற பையன்கள் யார்? சனிக்கிழமை காலையில் எழுந்து, குளித்து, சட்டையை உள்ளே விட்டு, அம்மாவோடு வருகிற பையன்கள். அவர்களுக்கு அந்தப் பேச்சு தேவையே இல்லை. யாருக்குத் தேவையோ அவன் அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருப்பான், ஏனென்றால் முந்தைய இரவு இரண்டு மணி வரை கீழேதான் உட்கார்ந்திருந்தான். நிகழ்ச்சி முடிந்ததும் படம் எடுக்கிறோம், பொன்னாடை போர்த்துகிறோம், பிரியாணி சாப்பிடுகிறோம். பிரியாணியில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

இப்போது அந்தப் பக்கத்துக்கு வருவோம். கும்பல் ஒரு பையனை எப்படி எடுக்கிறது என்பதை நம்மில் பலர் சினிமாவில் பார்த்த மாதிரிதான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மிரட்டுவார்கள், கத்தியைக் காட்டுவார்கள் என்று. நான் பார்த்தவரை முதல் கேள்வி எப்போதும், “தம்பி, சாப்பிட்டியா?” என்பதுதான்.

அப்பா பாதுகாவலர் வேலை, இரவு ஏழுக்குப் போனால் காலை ஏழுக்கு வருவார். அம்மா மருத்துவமனையில் துப்புரவு வேலை, அவருக்கும் ஷிப்ட். பையனுக்கு வயது 14. பள்ளியில் இணைப்பாட நடவடிக்கை முடிந்து ஆறு மணிக்கு வருகிறான். மேசையில் மூடி வைத்த சோறு இருக்கிறது, பேச ஆள் இல்லை. நூலகத்துக்குப் போகலாம் என்று நீங்கள் சொல்லலாம். உட்லண்ட்ஸ் வட்டார நூலகம் இரவு ஒன்பது மணிக்கு மூடிவிடும், அதுவும் அங்கே சத்தம் போட்டுப் பேசவோ சிரிக்கவோ முடியாது. கீழே இறங்குகிறான். கீழே 24, 25 வயதில் ஒரு அண்ணன் உட்கார்ந்திருக்கிறார். மோட்டார் சைக்கிள் இருக்கிறது, கையில் காசு இருக்கிறது, எல்லாவற்றையும்விட நேரம் இருக்கிறது. காப்பிக்கடைக்குக் கூட்டிப்போய் பரோட்டாவும் தே தாரேயும் வாங்கிக் கொடுக்கிறார். பள்ளியில் என்ன நடந்தது என்று கேட்கிறார். ஒரு நாள் வராவிட்டால், “எங்கடா போனே நேத்து?” என்று விசாரிக்கிறார். அந்தப் பையனுடைய வாழ்க்கையில் அவன் வராததைக் கவனித்த முதல் பெரிய ஆள் அவர்தான்.

அப்புறம் பள்ளியில் ஒருவன் இவனை அடிக்கிறான். அண்ணனிடம் சொல்கிறான். “நான் பேசிக்கிறேன்” என்கிறார் அண்ணன். மறுநாளிலிருந்து எவனும் இவனைத் தொடுவதில்லை. ஆசிரியரிடம் புகார் கொடுத்திருந்தால் விசாரணை, கடிதம், அம்மா வேலையில் லீவு போட்டு வருவது என்று இரண்டு வாரம் ஓடியிருக்கும். இங்கே ஒரே ராத்திரியில் தீர்ந்துவிட்டது. பையனுக்குக் கணக்கு போடத் தெரியாதா என்ன?

அந்தக் கடன் பின்னால் வசூலாகிறது. இந்தப் பொட்டலத்தை ரெண்டு நாள் உன் பையில் வைத்துக்கொள் என்று வரும். நாலு பேருக்கு வேப் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வா என்று வரும். உன் வங்கிக் கணக்கைக் கொஞ்ச நாள் கொடு, அரசாங்க இணையச் சேவைகளுக்கான சிங்பாஸ் கடவுச்சொல்லைச் சொல்லு என்று வரும். இவற்றில் எதுவும் சின்ன வேலை கிடையாது. மின்சிகரெட்டை வைத்திருப்பதே 2018லிருந்து இங்கே குற்றம். மயக்க மருந்தான எட்டோமிடேட் கலந்த வேப், 2025 செப்டம்பரில் போதைப்பொருள் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவரப்பட்டது. ஆலோங் என்கிற கள்ள வட்டிக்காரனுக்காகக் கடன்காரர் வீட்டுக் கதவில் பெயின்ட் ஊற்றப் போகும் பையனுக்குக் கிடைப்பது ஒரு ஐம்பது நூறு வெள்ளி. மாட்டினால் கிடைப்பது சிறையும் பிரம்படியும். ஆலோங் மாட்டுவதில்லை, பையன்தான் மாட்டுகிறான்.

கடைசியாக வருவதுதான் பெரிய வேண்டுகோள். “ஒண்ணும் செய்ய வேணாம்டா, பத்து நிமிஷம் வந்து நில்லு.”

இந்த இடத்தில் பொறுப்பாளர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இதை யாராவது ஒரு பையனின் போனுக்கு அனுப்புவீர்கள் என்ற நம்பிக்கையில் அவனிடமே நாலு வார்த்தை பேசிவிடுகிறேன்.

தம்பி, அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டுக்கொள். ஐந்து பேர் அல்லது அதற்கு மேல், தப்பான ஒரு நோக்கத்தோடு கூடினால் அது சட்டவிரோதக் கூட்டம். அதில் ஒருவன் கை ஓங்கினாலும் கலவரக் குற்றம் எல்லார் மேலும் வரும். நீ அடித்தாயா, ஓரமாக நின்றாயா என்பது பிறகு வருகிற கேள்வி. கலவரக் குற்றத்துக்கு 7 ஆண்டு வரை சிறை, பிரம்படியும் உண்டு. ஆபத்தான ஆயுதம் வைத்திருந்தால் 10 ஆண்டு வரை. “நான் சும்மாதான் நின்னேன்” என்று சொன்ன பிறகும் உள்ளே போனவர்கள் நிறைய பேர். யாரையும் தொடாமல், கும்பலில் உறுப்பினன் என்று இருந்தாலே சங்கங்கள் சட்டத்தின்படி 3 ஆண்டு வரை சிறை அல்லது 5,000 வெள்ளி வரை அபராதம் அல்லது இரண்டும் சேர்ந்தே விழலாம். கும்பலை நடத்துகிறவருக்கு 5 ஆண்டு வரை.

இன்னொரு சட்டமும் இருக்கிறது. குற்றவியல் சட்டம் தற்காலிக விதிகள் என்று பெயர். 1955லிருந்து இருக்கிறது, ஐந்தாண்டுக்கு ஒரு முறை நாடாளுமன்றம் நீட்டித்துக்கொண்டே வருகிறது. பெயரில்தான் தற்காலிகம். சாட்சி சொல்ல ஆள்கள் பயப்படும் கும்பல் வழக்குகளில், நீதிமன்ற விசாரணை இல்லாமலே அமைச்சரின் ஆணையால் ஒருவரை 12 மாதம் வரை தடுத்து வைக்கலாம், அதைப் புதுப்பித்துக்கொண்டும் போகலாம். “சாட்சி இல்லே, ஒண்ணும் பண்ண முடியாது” என்று அண்ணன் சொன்னால், இதைப் பற்றி அவருக்குத் தெரியுமா என்று கேட்டுப் பார். அவருக்குத் தெரியும். உன்னிடம் சொல்ல மாட்டார்.

யாரும் பார்க்கவில்லை என்றும் நினைக்காதே. 2012லிருந்து புளோக்குகளிலும் பலமாடி கார் நிறுத்துமிடங்களிலும் போலீஸ் கேமரா வைக்கத் தொடங்கினார்கள். 2016க்குள் 10,000 இடங்களில் வைத்து முடித்துவிட்டார்கள். நீ லிப்டுக்குள் போவதும் தெரியும், வெளியே வருவதும் தெரியும்.

முறைத்துப் பார்த்தான் என்பதற்காக ஆரம்பிக்கிற சண்டையைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொல்கிறேன். 2010 அக்டோபர் கடைசியில் பாசிர் ரிஸ் டவுன்டவுன் ஈஸ்ட்டில் 19 வயது பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர் ஒருவரை ஒரு கூட்டம் வெட்டிக் கொன்றது. முறைத்துப் பார்த்ததில் ஆரம்பித்த தகராறு என்றுதான் அப்போது செய்தி வந்தது. நீ அப்போது பிறந்தே இருக்க மாட்டாய், அல்லது கைக்குழந்தையாக இருந்திருப்பாய். அன்றைக்கு மாட்டிய பையன்களும் உன்னை மாதிரிப் பையன்கள்தான். ஒருவன் முறைத்தால் நீ வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நடந்துபோ. அன்று ராத்திரி கொஞ்சம் அவமானமாக இருக்கும். மறுநாள் காலையில் பள்ளிக்குப் போகலாம்.

ஏற்கெனவே கொஞ்சம் உள்ளே போய்விட்டாய் என்றால் வெளியே வர வழி இருக்கிறது. 1997லிருந்து ஸ்ட்ரீட்வைஸ் என்று ஒரு திட்டம் இருக்கிறது. கும்பல் பக்கம் சாய ஆரம்பித்த பையன்களுக்கான ஆறு மாதத் திட்டம், ஆலோசகரும் குடும்பமும் சேர்ந்து செய்வது. அதற்கும் தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் குடும்ப சேவை நிலையத்துக்குப் போ, பள்ளி ஆலோசகரிடம் போ. அதுவும் வேண்டாமா, கடைக்கு வா. முடி வெட்டும்போது யாருக்கும் சந்தேகம் வராது.

சரி, பொறுப்பாளர்களே, உங்களிடம் திரும்பி வருகிறேன்.

மேலே சொன்ன சட்டமெல்லாம் பையன்களுக்குத் தெரிய வேண்டும், சந்தேகமே இல்லை. ஆனால் பயத்தால் மட்டும் ஒருவன் கீழே உட்காருவதை நிறுத்த மாட்டான். சிறைக்குப் போவது என்றைக்கோ நடக்கலாம், நடக்காமலும் போகலாம். இன்றைக்கு ராத்திரி எட்டு மணி மட்டும் நிச்சயமாக வரும். அந்த எட்டு மணிக்கு நாம் இல்லை, அண்ணன் இருக்கிறார். இதைத்தான் மாற்றச் சொல்கிறேன்.

இந்த ஊரில் இது புதிய கதையும் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் கப்பலில் வந்து இறங்கிய சீனக் கூலிகளுக்கு வேலை பிடித்துக் கொடுக்கவும், அடித்தால் கேட்கவும், செத்தால் அடக்கம் செய்யவும் கீ ஹின் மாதிரியான சங்கங்கள்தான் இருந்தன. அரசாங்கம் அவர்களைக் கண்டுகொள்ளவில்லை, சங்கம் கண்டுகொண்டது. அப்புறம் அந்தச் சங்கங்களே சூதாட்ட விடுதிக்கும் அபினுக்கும் காவல் நின்றன, அடித்துக்கொண்டன. 1854ல் சீனர்களில் ஹொக்கியன், தியோச்சு தரப்புகள் மோதிக்கொண்டது பத்து நாளுக்கு மேல் நீடித்தது. காலனி அரசு 1889ல் சட்டம் கொண்டுவந்துதான் அவற்றைத் தடை செய்தது. அந்த மிச்சத்தில் முளைத்த கும்பல்களில் இன்றைக்கு நம் தமிழ்ப் பையன்கள் போய்ச் சேர்ந்து, அர்த்தம்கூடத் தெரியாமல் ஹொக்கியன் மொழியில் கும்பலின் எண்களைக் கத்துகிறார்கள். வரலாற்றில் எனக்குப் படிப்பு குறைவு, ஆனால் இதில் ஒன்று புரிகிறது. ஆள் இல்லாத இடத்தில்தான் கும்பல் ஆளாக வந்து நிற்கிறது.

நம்மவர்களும் ஒரு காலத்தில் இதைப் புரிந்துவைத்திருந்தார்கள். 1932ல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் ஆரம்பித்தபோது பின்னாளில் தமிழ் முரசு நடத்திய கோ. சாரங்கபாணியும் மற்றவர்களும் கூலி லைன்களில் இருந்த தமிழனின் குடியையும் சாதிச் சண்டையையும் பற்றித்தான் கவலைப்பட்டார்கள். அவனை அவன் இருக்கும் இடத்தில் போய்ப் பார்த்தார்கள். இன்றைக்கு நம்மிடம் மண்டபம் இருக்கிறது, குளிர்சாதனம் இருக்கிறது, ஒலிபெருக்கி இருக்கிறது. பையன் அங்கே வர வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

எது வேலை செய்கிறது என்பதும் நமக்குத் தெரியாமல் இல்லை. உறுமி மேளக் குழுக்களை எடுத்துக்கொள்ளுங்கள். இதைச் சொன்னால் உங்களில் சிலருக்குப் பிடிக்காது, தெரியும். உறுமி அடிக்கிற பையன்கள் என்றாலே ரவுடிகள் என்று ஒரு பேச்சு நம்மிடம் இருக்கிறது. தைப்பூச ஊர்வலத்தில் இசைக்கு 1973ல் விதித்த தடை 2016ல்தான் கொஞ்சம் தளர்ந்தது, அந்த நீண்ட வருடங்களில் மேளம் என்றால் பிரச்சினை என்று நம் மனத்தில் ஏறிவிட்டது. என் கடைக்கு வருகிற உறுமிப் பையன்களை நான் பார்க்கிறேன். வாரத்தில் மூன்று ராத்திரி பயிற்சி. மாஸ்டர் ஒருவர் இருக்கிறார், தாமதமாக வந்தால் திட்டுகிறார், குடித்துவிட்டு வந்தால் திருப்பி அனுப்புகிறார், மூன்று நாள் வராவிட்டால் வீட்டுக்குப் போன் செய்கிறார். கைவலிக்க அடித்துவிட்டு பத்தரை மணிக்கு வீட்டுக்குப் போகிற பையனுக்கு வேறு எதற்கும் தெம்பு இருக்காது. எல்லாக் குழுவும் இப்படித்தான் என்று நான் சொல்ல வரவில்லை. சில குழுக்களுக்குள் கும்பல் ஆள்கள் புகுந்துவிடுகிறார்கள் என்பதும் நிஜம். அதற்குத்தான் சொல்கிறேன், கோயில் நிர்வாகங்கள் அவர்களைத் துரத்தாதீர்கள். பயிற்சிக்கு இடம் கொடுங்கள், அவர்களுடைய மாஸ்டரைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுங்கள், உங்களில் ஒருவர் வாரம் ஒரு முறையாவது பயிற்சியில் போய் நில்லுங்கள். நீங்கள் நிற்கிற இடத்தில் அண்ணன் வந்து நிற்க மாட்டார்.

போலீசாரும் இதைப் புரிந்துகொண்டதால்தானே தேசிய குற்றத்தடுப்பு மன்றத்தோடு சேர்ந்து பள்ளி விடுமுறையில் டெல்டா லீக் என்று காற்பந்துப் போட்டி நடத்துகிறார்கள்? ஜூன் மாதமும் நவம்பர், டிசம்பரும் எவ்வளவு நீளம் என்று கீழே உட்கார்ந்திருக்கும் பையனைக் கேட்டால் சொல்வான். ஆனால் லீக் முடிந்த பிறகு மிச்ச மாதங்களில் அந்தப் பையன்களைச் சேர்த்து வைத்திருப்பது போலீசார் வேலை கிடையாது. அது நம் வேலை.

துணைப்பாட வகுப்பு நடத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை. சிண்டா என்கிற சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம் 1991லிருந்து செய்துவரும் வேலையில் பயன்பெற்ற பிள்ளைகள் என் கடையிலேயே பலர், இன்றைக்கு நல்ல வேலையில் இருக்கிறார்கள். நம் சம்பளத்திலிருந்து மாதம் 1 வெள்ளியிலிருந்து 30 வெள்ளி வரை போகிற பணம் வீண்போகவில்லை. நான் கேட்பது சின்னச் சின்ன வகுப்புகளை நடத்தும் மற்றவர்களிடம். வகுப்பு ஒன்பது மணிக்கு முடிந்தவுடன் விளக்கை அணைத்துப் பூட்டிவிடாதீர்கள். பையன்களுக்கு வகுப்பைவிட வகுப்புக்குப் பிந்தைய அரை மணி நேரம்தான் பிடிக்கும். ஒரு மைலோ போட்டுக் கொடுத்து உட்காரவையுங்கள். கணக்கில் எந்தப் பாடம் புரியவில்லை என்பதை வகுப்பில் சொல்வான். வீட்டில் என்ன பிரச்சினை என்பதை மைலோ குடிக்கும்போதுதான் சொல்வான்.

இன்னொரு பழக்கத்தையும் நாம்தான் நிறுத்த வேண்டும். சாவு வீடு. இளம் வயதில் ஒருவர் இறந்துபோனால் இறுதி ஊர்வலத்தில் இருபது முப்பது பேர் ஒரே நிறச் சட்டையில் வந்து கும்பலின் பெயரைச் சொல்லிக் கோஷம் போடுகிறார்கள். பெற்ற தாய் பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருக்கிறார். பையன்கள் அதைப் பார்க்கிறார்கள். செத்தாலும் இத்தனை பேர் வருகிறார்களே என்று 15 வயதுப் பையனுக்குத் தோன்றுகிறது, அதுதான் அன்றைக்கு நடக்கிற ஆள்சேர்ப்பு. இதைப் போலீஸ் கவனிக்கிறது, கைதும் நடக்கிறது. ஆனால் சடங்கு செய்ய வருகிறவரும், மேளக்காரரும், வண்டிக்காரரும், குடும்பத்தின் பெரியவர்களும் சேர்ந்து முன்கூட்டியே “இது எங்கள் வீட்டுச் சாவு, இங்கே கோஷம் கிடையாது” என்று சொன்னால் பாதிக்கு மேல் நின்றுவிடும் என்று நினைக்கிறேன். குடும்பம் மட்டும் சொன்னால் கேட்க மாட்டார்கள், குடும்பத்துக்கே பயம். சங்கத்துக்காரர்கள் நாலு பேர் கூட நிற்க வேண்டும்.

பெண் பிள்ளைகளைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. கும்பல் பையன்களோடு பழகும் பெண்களும் வேப் விற்பனையிலும் வங்கிக் கணக்கு விவகாரத்திலும் மாட்டுகிறார்கள். முடி திருத்தும் கடையில் இதைப் பற்றி எனக்குத் தெரிய வருவது குறைவு. தெரிந்த பெண்மணிகள் யாராவது எழுதினால் நல்லது.

நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள் என்பதும் தெரியும். தொண்டூழியர்கள் கிடைப்பதில்லை, எல்லாருக்கும் வேலை, குடும்பம். உண்மைதான். ஆனால் ஒரு தீபாவளிக் கலை நிகழ்ச்சிக்கு நாற்பது பேர் மூன்று மாதம் ஒத்திகைக்கு வருகிறார்கள். ஒரு புளோக்குக்கு இரண்டு பேர் போதும் என்கிறேன். இடத்துக்கு நகர மன்றத்தில் அனுமதி கேட்க வேண்டும், சத்தம் என்று மாடியில் இருந்து புகார் வரும், அதுவும் உண்மை. அனுமதி கேட்டு எழுதுவதில் நம்மைவிடத் தேர்ந்தவர்கள் யார்? இன்னொரு பதில், யாரும் வாய்விட்டுச் சொல்லாதது: “அந்தப் பையன்களோடு சேர்ந்தால் நம் அமைப்புக்குக் கெட்ட பெயர் வரும்.” இதற்கு எனக்குப் பொறுமை கிடையாது. 2023 ஆகஸ்ட்டில் ஆர்ச்சர்ட் ரோட்டில் ஒரு ஹோட்டல் பக்கத்தில் விடியற்காலையில் ஒருவர் வெட்டுப்பட்டு இறந்தபோது, கைதானவர்களின் பெயர்களைப் படித்துவிட்டு நாம் எல்லாரும் தலையைக் குனிந்தோமே, அப்போது வராத கெட்ட பெயரா இனிமேல் வரப்போகிறது?

அங்கே நிற்கப் போகிற ஆள் யாராக இருக்க வேண்டும் என்பதிலும் எனக்கு ஒரு கருத்து உண்டு. பட்டம் வேண்டாம், உபதேசம் செய்கிற ஆள் வேண்டவே வேண்டாம். உள்ளே போய்விட்டுத் திருந்தி வந்தவர்களைக் கூப்பிடுங்கள். சீர்திருத்தப் பயிற்சி நிலையத்துக்கு 16 வயதிலிருந்து 21க்குள் போகிறவர்கள் ஆறு மாதமோ ஒரு வருடமோ, அதற்கு மேலோ உள்ளே இருந்துவிட்டு வருகிறார்கள். சிறையிலிருந்து வருகிறவர்களுக்கு 2004லிருந்து மஞ்சள் ரிப்பன் திட்டம் இருக்கிறது, வேலையும் கிடைக்கிறது. ஆனால் நம் கோயில் திருவிழாவில் அவர்களுக்கு என்ன வேலை கொடுக்கிறோம்? அன்னதானத்தில் பாத்திரம் கழுவுகிற வேலை. ஒரு மேசையைப் போட்டு அவரைப் பையன்களோடு உட்காரவைக்கத் தோன்றுவதில்லை. “பிரம்படி எப்படி இருக்கும்?” என்று ஒரு பையன் என் எதிரிலேயே ஒருவரைக் கேட்டான். அவர் இரண்டு நிமிடம் பதில் சொன்னார், இங்கே எழுத முடியாது. எந்தப் பேச்சாளராலும் அந்த இரண்டு நிமிடத்தைப் பேச முடியாது. அவர்களைத் தேர்ந்தெடுக்கும்போது கவனம் வேண்டும்தான். பழைய சகவாசம் விட்டுப்போய்விட்டதா என்று விசாரிக்க வேண்டும், தனியாக விடாமல் இன்னொருவரைச் சேர்த்து அனுப்ப வேண்டும்.

பெற்றோரைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. அவர்களைத் திட்டுவதற்கு எப்போதும் ஆள் இருக்கிறது. இரண்டு ஷிப்ட் வேலை பார்த்துத்தான் வாடகையும் பள்ளிப் பேருந்துக் காசும் கட்டுகிறார்கள். மகன் கும்பலோடு பழகுகிறான் என்று தெரிந்தால் போலீசுக்குச் சொன்னால் அவன் வாழ்க்கையே போய்விடுமோ என்று பயந்து வாயை மூடிக்கொள்கிறார்கள். ஆரம்பத்திலேயே வந்தால் வழக்கு போடாமல் எச்சரித்து, ஆறு மாத வழிகாட்டுத் திட்டத்தில் சேர்த்துவிடவும் வாய்ப்பு இருக்கிறது என்று யாராவது அவர்களுக்குத் தமிழில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். கையேடு அச்சடிக்காதீர்கள். அது என் கடையிலேயே ஒரு கட்டு கிடக்கிறது, எடுத்துப்போவார் இல்லை.

இப்போது என்ன செய்யலாம்? உங்கள் அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வியை வையுங்கள்: நம் வட்டாரத்தில் எந்த புளோக்கின் கீழே ராத்திரியில் பையன்கள் உட்காருகிறார்கள்? பதில் தெரியாவிட்டால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், காப்பிக்கடைக்காரருக்குத் தெரியும், பக்கத்து மளிகைக் கடைக்காரருக்குத் தெரியும். ஒரு புளோக்கை மட்டும் எடுத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். முதல் மாதம் யாரும் பேச மாட்டார்கள், உங்களை மாற்றுடையில் வந்த போலீஸ் என்றே நினைப்பார்கள். போய்க்கொண்டே இருங்கள்.

எங்கள் வட்டாரத்தில் ஆரம்பிப்பதாக இருந்தால் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள், அந்த இரண்டு நாளும் ஏழு மணிக்குத் தம்பியிடம் கடையைக் கொடுத்துவிடலாம். எனக்குக் காற்பந்து தெரியாது, உறுமியும் தெரியாது. கேரம் நன்றாகவே ஆடுவேன். போர்டு கடையின் பின்னால் இருக்கிறது, ஸ்டிரைக்கர் ஒன்றும் பவுடர் ஒரு டப்பாவும் யாராவது வாங்கி வந்தால் போதும்.

இப்படிக்கு,
முடி திருத்தும் கடைக்காரர்,
உட்லண்ட்ஸ்